ஒரு செம்புத் தண்ணீர்

திங்கள், மாலை 5.40
வடக்குக் கொட்டகை

முதல் வண்டி முடிந்தது. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆறு சக்கரமும் தரையில் படாமல் முட்டுமேல் நிறுத்தியிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிப் பாதிச் சார்ஜில் உள்ளறை அலமாரியில் வைத்தாயிற்று. மூட்டுகளுக்குப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு அப்பினேன். காற்று போகும் ஓட்டைகளுக்குத் துணி அடைத்து, எந்த ஓட்டை என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். இந்த வண்டியைச் செங்கோடன் ஓட்டிக்கொண்டிருந்தான். இருக்கைக்கு அடியில் ஒரு கை கடலைத் தோல் கிடந்தது. கூட்டி அள்ளினேன்.

புழுதிக்காலம் முடிந்து இந்தக் கதவைத் திறக்கிறவர் யாரோ, அவருக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் பூவாத்தாள். கொட்டகையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இந்தச் செவ்வாய்க் கிரகத்தில் புழுதி வீசும் நான்கு மாதமும் வெளியே தலை நீட்ட முடியாது என்பதால் எல்லோரும் நடுவூருக்கு, தரைக்கு அடியில், போய்விட்டார்கள். வண்டிகளைக் கட்டி நிறுத்திவிட்டு நானும் போவேன். கொட்டகைத் தலைவர் எட்வின் இந்த வேலைக்கு வேறு ஆளைப் போடுவதாகத்தான் இருந்தார். நான்தான் கேட்டு வாங்கினேன்.

சங்ககிரியில் என் வீட்டுக்காரருக்கு ஏழு லாரி ஓடியது. ஸ்டிரைக் என்றால் மாதக் கணக்கில் நிற்கும். அவர் வெளியூரில் மாட்டிக்கொண்டால் ஏழையும் கட்டி நிறுத்தியது நான். ஒரு வண்டிகூட மறுபடி எடுக்கும்போது மக்கர் பண்ணியதில்லை. இதை எட்வினிடம் சொன்னேன். நடுவூரில் இருக்கிற எல்லோரிடமும் சொன்னேன்.

என் பேத்தி மதிவதனி இந்த வண்டிகளின் குழாய், பம்ப் எல்லாம் வடிவமைத்த இன்ஜினீயர். என்னென்ன செய்யவேண்டும் என்று படம் போட்டு அனுப்பியிருந்தாள். படிக்கத் தெரியாதவளுக்குப் போடுவதுபோல அம்புக்குறி போட்டு. நான் அதைத் திறக்கவில்லை.


செவ்வாய், மாலை 6.15

இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தன.

இந்த வண்டிகளில் தண்ணீர்தான் முக்கியம். பம்ப் அதைச் சூடாக்கிக் குழாய்களில் ஓட விடுகிறது. ஓட்டுகிறவனுக்கும் பேட்டரிக்கும் அந்தச் சூடுதான் உயிர். நிறுத்தி வைக்கும்போது அடித் திருகைக் கழற்றித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். வடித்த பிறகு குழாய்க்குள் காற்று ஊதி ஈரத்தையும் துரத்த வேண்டும்.

வடித்தேன். ஊதினேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் திருகை மூடினேன்.

எங்கள் பக்கம் எதையும் துடைத்து வெறுமையாக்கி மூடி வைப்பதில்லை. அரிசிப் பானையில் ஒரு பிடி அரிசி விடுவோம். ஊருக்குப் போகும்போது பூட்டிய வீட்டுக்குள் ஒரு குடம் தண்ணீராவது இருக்கும். நிறுத்திய லாரியின் ரேடியேட்டரிலும் விட்டிருக்கிறேன். வெறுமையாக நிறுத்தினால் திரும்ப வருகிறவர்களுக்கு ஆகாது. ஒரு செம்பு என்ன செய்துவிடும்.

மதிவதனி வயர்லெஸ்ஸில் வந்தாள்.

"அம்முச்சி, தண்ணி முழுசா வடிச்சாச்சா?"

"வடிச்சாச்சு."

"காத்து ஊதுனீங்களா? அடி முக்குல கொஞ்சம் நின்னுக்கும். அங்கதான் பம்ப் இருக்கு."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே வண்டி கட்டினவ நான். எனக்கே பாடம் எடுக்கறயா?"

சிரித்தாள். பேத்தியிடம் ஒரு பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இதுவும் வடித்ததுதானே என்றுதான் நினைத்தேன்.


புதன், மாலை 4.30

நான்காவதும் முடிந்தது. நாலையும் ஒரே வரிசையில், தார்ப்பாய் மடிப்பு ஒரே பக்கம் இருக்கும்படி கட்டியிருக்கிறேன். யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

எட்வின் சொன்னபடி கொட்டகையின் சூட்டை நிறுத்திவிட்டேன். இனி உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். நான் படுக்கும் உள்ளறைக்கு மட்டும் சூடு இருக்கிறது.

செங்கோடன் நடுவூரிலிருந்து ஐந்தாவது வண்டியில் என்னை அழைத்துப் போக வருகிறான். பெருந்துறைக்காரன். வாய் ஓயாது.

"ஆயா, நாளைக்குக் கெளம்பி நாளானிக்கு உங்ககிட்ட வந்துர்றனுங். பொட்டியெல்லாம் கட்டி வெச்சுருங்க. போன தடவையாட்ட ஊறுகாய் ஜாடியத் தேடறேன்னு என்னைய வாசல்ல நிக்க வெக்காதீங்க. புழுதி பொறத்தாலயே வருது."

ஜாடியை முதலில் எடுத்து வைத்தேன்.


வெள்ளி, காலை 9.05

செங்கோடன் வண்டி ஓடையில் இறங்கிவிட்டது. ஓடை என்றால் தண்ணீர் இல்லை. பொடி மணல் நிரம்பிய பள்ளம். இங்கிருந்து வண்டியில் மூன்று மணி நேரம்.

"முன்சக்கரம் ரெண்டும் அச்சு வரைக்கும் போயிருச்சுங் ஆயா. பரவால்ல, உள்ள கதகதன்னு இருக்குது. கடலை இருக்குது. மூணு நாளைக்குத் தாங்கும். நீங்க ஒரு வண்டியத் தட்டி எழுப்பி ஓட்டியாந்து என்னைய இழுத்து உடுங்க."

எட்வினும் அதையே சொன்னார். நடுவூரில் இருப்பது ஒரே ஒரு சங்கிலிச் சக்கர வண்டிதான். அது மெதுவாக நகரும். இன்றே புறப்பட்டாலும் நாளைக் காலைதான் சேரும். என் கொட்டகைதான் பக்கம்.

"வர்றேன் சாமி. நான் தூங்க வெச்ச வண்டி. தொட்டா எந்திரிச்சுக்கும்" என்றேன். எட்வின் கேட்டுக்கொண்டிருந்தார். மதிவதனியும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.


வெள்ளி, காலை 10.20

முதல் வண்டிக்குப் பேட்டரி போட்டுச் சூட்டுத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கீழே வந்தது. படுத்துப் பார்த்தேன். பம்பின் ஓடு வாய் பிளந்து கிடக்கிறது. பிளவுக்குள்ளே பனிக்கட்டி.

ஒரு செம்பு அளவு.


வெள்ளி, காலை 11.00

நாலும் அப்படித்தான்.


வெள்ளி, பகல் 12.10

இதை எழுதுவதற்குள் நான்கு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பம்ப் நான்கும் வெடித்திருக்கிறது என்று மட்டும் வயர்லெஸ்ஸில் சொன்னேன். அது உண்மை. எதனால் என்று எட்வின் கேட்டார். தெரியவில்லை என்றேன். தொண்டையிலிருந்து அதுதான் வந்தது.

பிறகு எட்வின் கேட்டார்: "தண்ணி இல்லாத பம்ப் குளிருல தானா வெடிக்குதுன்னா, உலோகமே சரியில்லன்னுதானே அர்த்தம்? மதி, இந்த அஞ்சு வண்டிக்கும் பம்ப் ஒரே தொகுதியா?"

"ஆமா சார்."

"யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான் சார். இந்தக் குளிருக்குத் தாங்கும்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். அம்முச்சி முழுசா வடிச்சிருக்காங்க. அப்பறமும் வெடிச்சிருக்குன்னா என் தப்புதான்."

செங்கோடனும் அதே அலைவரிசையில் இருந்தான். "ஏம்மா இஞ்சினீரு, படிச்சுக் கிழிச்சது இதுதானா? எங்க ஆயா படிச்சது அஞ்சாவதுதான். அவங்க கட்டின வண்டில ஒரு குத்தம் சொல்ல முடியுமா?" என்றான்.



என் விரல் பேசுகிற பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஒன்பது வருஷமாகப் பேத்தி, பேத்தி என்று இந்த ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அவளைத் திட்டுகிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன்.


வெள்ளி, பகல் 2.25

பெரிய தப்பு நடந்துவிட்டது.

செங்கோடன் வண்டியின் பம்பும் அதே தொகுதி. ராத்திரிக் குளிரில் அதுவும் வெடித்தால் தண்ணீர் நேராகப் பேட்டரிமேல் இறங்கும், உள்ளேயே தீப்பிடிக்கும் என்று எட்வின் பயந்தார். பம்பை நிறுத்தி, தண்ணீரை உடனே வடித்துவிடச் சொல்லியிருக்கிறார். நான் உள்ளறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது இது நடந்திருக்கிறது.

ஓடுகிற தண்ணீர் உறையாது. அவன் பம்பில் ஒரு குற்றமும் இல்லை. அதை ஓட விட்டிருந்தால் மூன்று நாள் கதகதப்பாக இருந்திருப்பான்.

நான் வந்து வயர்லெஸ்ஸை எடுத்தபோது அவன் குரல் வந்துகொண்டிருந்தது.

"வடிச்சுட்டனுங். அவசரத்துல பாதி உள்ளயே சிந்திருச்சு. நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கறதில்ல. கேக்கற பொட்டில தண்ணி பூந்துருச்சாட்டருக்குது. நான் பேசறது உங்களுக்குக் கேக்குதோ என்னமோ. நான் பேசிட்டே இருக்கறேன்."

கவச உடுப்புக்குள் பேசுவதும் கேட்பதும் வண்டியின் பெட்டிகள் வழியாகத்தான்; பேசுகிற பெட்டி வேறு, கேட்கிற பெட்டி வேறு. இனி நாங்கள் சொல்வது எதுவும் அவனுக்குப் போகாது. அவன் சொல்வது மட்டும் வரும்.


வெள்ளி, பகல் 2.50

சொல்லிவிட்டேன்.

"எட்வின், மதி, ரெண்டு பேரும் கேளுங்க. பம்புல ஒண்ணுமில்ல. நான் வடிச்சுட்டு ஒரு செம்பு ஊத்தி மூடுனேன். நாலு வண்டிலயும். அதுதான் ஒறஞ்சு வெடிச்சுது."

"ஏம்மா?" என்றார் எட்வின்.

"வெறுமையா வெக்கக் கூடாதுன்னு."

இதை வாயால் சொன்னபோது எவ்வளவு சின்னதாக இருந்தது. ஒரு மனுஷன் உயிருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சாமானா இது.

மதிவதனி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"பன்னண்டு மணிக்கே சொல்லியிருந்தா அவன் தண்ணிய வடிச்சிருக்க மாட்டான், அம்முச்சி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

எட்வின் கணக்குப் போட்டுச் சொன்னார். சங்கிலி வண்டி மதியமே புறப்பட்டுவிட்டது. செங்கோடன் கதவைத் திறக்காமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலை வரை தாங்குவான். மூடிய வண்டிக்குள் இருக்கிற மிச்சச் சூடு போதும். ஆனால் கதவு ஒரு தடவை திறந்தால் அது போய்விடும். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. பேசாம உக்காருங்க. அதுதான் இப்ப அவனுக்குச் செய்யற உதவி" என்றார்.


வெள்ளி, பகல் 3.15

செங்கோடன் பேசிக்கொண்டே இருக்கிறான். வயர்லெஸ்ஸை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

பெருந்துறையில் அவன் அக்காள் வீட்டு எருமையைப் பற்றிச் சொன்னான். கால் விரல் மரத்துப்போகிறது என்றான். மதிவதனியைப் பற்றி மறுபடி சொன்னான், எழுதத் தகாத வார்த்தையில். பிறகு:

"ஆயா மட்டும் இல்லீன்னா இன்னிக்கு என்ற கதி என்ன ஆவறது. அவங்க வர்றேன்னு சொன்னா வந்துருவாங்க. எப்பிடியாச்சும் ஒரு வண்டியக் கெளப்பிருவாங்க."

உட்கார முடியவில்லை.


வெள்ளி, பகல் 3.30

போகிறேன். எட்வினிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்துவார்.

வண்டி ஓடத் தண்ணீர் வேண்டியதில்லை. பேட்டரி சூடாக இருந்தால் போதும். உள்ளறை அடுப்புமேல் வைத்துச் சூடேற்றி, கொட்டகையில் இருக்கிற அத்தனை கம்பளியையும் சுற்றி மூன்றாவது வண்டியில் ஏற்றியிருக்கிறேன். என் படுக்கையையும் சேர்த்து. மூன்று மணி நேரம் தாங்கும் என்று என் கைக்குத் தெரிகிறது. அவனிடம் சேர்ந்துவிட்டால் இந்தக் கம்பளி எல்லாம் அவனுக்கு.

சேர்ந்ததும் முதல் வேலை அவனிடம் உண்மையைச் சொல்வது. என் பேத்தியைப் பேசிய பேச்சை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவும் போகிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது, அதற்காகத்தான் அதிகம் போகிறேன்.

இந்த எழுத்துப் பலகையையும் எடுத்துக்கொள்கிறேன். இனி இது கொட்டகையில் கிடைக்காது. வண்டியில் பார்க்கவும்.


வெள்ளி, மாலை 5.35
ஓடைப் பாதை

புழுதியில் பொழுது முன்னமே இருட்டிவிட்டது. முகப்பு விளக்கு போட்டுத்தான் ஓட்டுகிறேன். பேட்டரி முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. என் கணக்கு லாரிக் கணக்கு. இந்தக் குளிருக்கு அது சரிப்படவில்லை.

மதிவதனி கூப்பிடுகிறாள். உள்ளறைக்குக் கூப்பிட்டு நான் எடுக்காததால் தெரிந்துகொண்டாள்.

"அம்முச்சி, எங்க இருக்கீங்க? வண்டியிலயா? சொல்லுங்க. திட்ட மாட்டேன், சொல்லுங்க."

சொன்னேன். அழுதாள். மூன்று வயதில் அழுததற்கு அப்புறம் இப்போதுதான் கேட்கிறேன்.


வெள்ளி, மாலை 6.20

ஓடையின் இந்தக் கரையில் வண்டி நின்றுவிட்டது. மோட்டார் அசையவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது.

எதிர்க் கரை ஓரத்தில் அவன் வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிகிறது. பார்த்தால் பக்கம்போல இருக்கிறது. நடுவில் இருப்பது இடுப்பளவு பொடி மணல். அதைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். கவச உடுப்பின் சூடு அரை மணி நேரம்தான். கம்பளியைத் தூக்கிக்கொண்டு நான் போக முடியாது. அவனும் வர முடியாது. காலையில் சங்கிலி வண்டி வரும். அவன் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இங்கே கம்பளிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்வின் சொன்னதும் அதுதானே.

செங்கோடன் குரல்:

"ஆயா! வெளிச்சம் தெரியுதுங். வந்துட்டீங்களா. எனக்குத் தெரியும், வந்துருவீங்கன்னு."

கேட்காது என்று தெரிந்தும் பொத்தானை அழுத்திக் கத்தினேன். உள்ளேயே இரு, கதவைத் திறக்காதே.

"அங்கயே நில்லுங்க. உங்களுக்கு முட்டி ஆகாது. நானே வந்தர்றேன். உள்ள சூடா இருக்குமில்ல? ரெண்டு கையும் செத்துப்போச்சுங்."

கதவைத் திறந்துவிட்டான். மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இறங்குகிறது. கவச உடுப்பின் நெஞ்சு விளக்கு.

என் வண்டி அவன் வண்டியைவிடக் குளிராக இருக்கிறது. அவன் வந்து சேர மாட்டான். வழியில் நின்றுவிடுவான்.

முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். போ போ என்று. அவன் வா வா என்று எடுத்துக்கொண்டான்.

"தெரியுதுங் ஆயா, தெரியுது. வர்றேன்."


வெள்ளி, மாலை 6.27

விளக்கை அணைத்துவிட்டேன். முழுசாக.

வேறு வழி தெரியவில்லை. நான் போய்விட்டேன் என்று அவன் நினைத்தால்தான் திரும்புவான். இப்போது திரும்பினால் அவன் வண்டிக்குள் போய்ச் சேர நேரம் இருக்கிறது. சேர்ந்து கதவை மூடினால், மிச்சம் என்ன சூடு இருக்குமோ.

"ஆயா? லைட்டு என்னாச்சுங்?"

பலகை வெளிச்சத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

"ஆயா, வெளையாடாதீங்க. போடுங்க. வழி தெரியோணுமல்ல."

"திருப்பிட்டுப் போறீங்களா?"

அப்படித்தான் நினைக்க வேண்டும். நினை சாமி.


6.31

சின்ன வெளிச்சம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நடக்கவில்லை. நிற்காதே.


6.33

"போயிட்டியா கெழவி? பாதி வழில உட்டுட்டுப் போறியா? நீயெல்லாம் நல்லா இருப்பியா? உம்பட பேத்தியப் போயி நான் திட்டினேனே. உன்னையல்ல திட்டியிருக்கோணும்."

ஆமாம்.

ஒன்பது வருஷத்தில் என்னை அவன் நீ என்று சொன்னதில்லை.


6.36

வெளிச்சம் மறைந்துவிட்டது. திரும்பி நடந்தால் நெஞ்சு விளக்கு எனக்குத் தெரியாது. விழுந்தாலும் தெரியாது. ஆனால் குரல் வருகிறது. மூச்சு வாங்க வாங்கத் திட்டுகிறான். என் அம்மாவை, என் லாரிகளை, நான் கட்டின தார்ப்பாய் மடிப்பை. நடந்துகொண்டே திட்டுகிறவன் குரல் அப்படித்தான் குலுங்கும். நடக்கிறான்.

திட்டு. நிறுத்தாதே. என்ன வேண்டுமானாலும் சொல்.


6.44

இன்னும் திட்டுகிறான். மெதுவாக. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி.


6.49

கை எழுத வரவில்லை. கம்பளி இத்தனை இருந்தும். மதி, நீ போட்ட படத்தை இப்போதுதான் இந்தப் பலகையில் திறந்து பார்த்தேன். அம்புக்குறி அந்த முக்கையேதான் காட்டுகிறது. நன்றாகப் போட்டிருக்கிறாய்.


6.52

குரல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும்

அதுவும் இப்போது

அவன் வண்டிக் கதவை மூடினால் வயர்லெஸ்ஸில் டப்பென்று கேட்கும். இன்னும் கேட்கவில்லை. கேட்டதும் எழுதுகிறேன்